மோதல் அளந்தவர்

அந்த ஒரு சொல்லை லிஃப்ட்காரர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மோதல் என்பது அந்தச் சொல். அக்காவின் கணவர், இவர் மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர், கட்டட மேனேஜர் முன்னால் போய் நின்று அதைச் சொல்லிவிட்டு வந்தார். மறுவாரமே முன்பக்க லிஃப்ட்டின் சாவி வேறொருவர் இடுப்புக்குப் போனது. லிஃப்ட்காரரைப் பின்பக்கத்துச் சாமான் லிஃப்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டுத் தகராறு வீட்டோட இருக்கட்டும்பா. மாமனும் மச்சானும் இங்க வந்து மோதிக்கிட்டா மத்தவங்க எப்படி வேலை பாக்கறது?" என்றார் மேனேஜர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

என்ன தகராறு என்று லிஃப்ட்காரருக்கு விளங்கவில்லை. படுத்தால் தூக்கம் வராமல் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மழைக்கு வாங்கிப் போன மாமாவின் குடையைத் திருப்பித் தராமல் வைத்திருந்தோமே, அதுவா? அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு உப்பு தூக்கல் என்று சிரித்தோமே, அதுவா? நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் லிஃப்ட்காரர் கேட்கிற ஜாதி இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜாதி. திருப்பிக்கொண்டார். பின்பக்கத்தில் அட்டைப்பெட்டியும் உடைந்த நாற்காலியும் ஏற்றி இறக்கியே அவருக்குத் தலை நரைத்தது. தலைமை மெக்கானிக் பதவி அவருக்குப் பின்னால் வந்தவனுக்குப் போனது. அதற்கும் அந்தச் சொல்தான் காரணம் என்று மாமாவின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

அக்கா வீட்டுக்குப் போவதை மட்டும் விடவில்லை. போவார், உட்காருவார், சாப்பிடுவார். மாமாவும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். பேச்சு மட்டும் அக்கா வழியாகப் போகும்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேக்கறாரு உங்க மாமா."

"வேணாம்னு சொல்லுக்கா."

"வேணாமாங்க."

"காதுல விழுந்துச்சு," என்பார் மாமா.

மாமாவுக்குக் கட்டடம் வைத்த பெயர் பம்பரம். ஐந்து மாடிக் கட்டடம் அது. மேலே பலவித ஆபீஸ்கள், தரைத்தளத்தில் மட்டும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமான சில அறைகள். லிஃப்ட் ஓடுகிற குழியின் சுவரும் பம்பரத்தின் அறைச் சுவரும் ஒன்றேதான். ஒரு முறை வாட்ச்மேன் சும்மா இருக்க முடியாமல், உள்ளே அப்படி என்னதான் சார் பண்றீங்க என்று கேட்டுவிட்டான். பம்பரம் கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்துக் காட்டினார். நாலு பக்கமும் மூடிய குடுவை. உள்ளே ஒரு மூலையில் வெள்ளிப்பொட்டு மாதிரி ஓர் உலோகத் துளி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதைச் சூடு பண்ணினா ஆவியாகும்பா. அந்த ஆவியில இருக்கற அணு ஒவ்வொண்ணும் ஒரு பம்பரம். பம்பரம் சுத்தும்போது தலையை ஆட்டுமில்ல, அதுவும் ஆட்டும். பக்கத்துல காந்தம் இருந்தா அதுக்குத் தகுந்த வேகத்துல ஆட்டும்."

"ஆட்டினா?"

"அளப்பேன்."

"அளந்து?"

"மறுநாளும் அளப்பேன்."

அதற்கு மேல் வாட்ச்மேன் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஐந்து மாடிக்கும் பெயர் பரவிவிட்டது. பம்பரத்துக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. போனில் யாராவது யாரு பேசறது என்று கேட்டால் அவரே பம்பரம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது. பம்பரத்தின் பெல்ட்டில் கொக்கி கிடையாது, துணி நாடாதான். செருப்பில் ஆணி கிடையாது. வாட்ச், சாவி எல்லாம் வாசலில் ஒரு மர ஸ்டூலில் கிடக்கும். மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு வருகிற அக்கா கொண்டை ஊசிகளை எடுத்து அதே ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவிழ்ந்த தலையோடு அவள் வெளியே வருவதைப் பார்த்து மாடிக்காரர்கள் முதலில் வேறு மாதிரி பேசினார்கள். பிறகு அதுவும் அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள்.

படித்த படிப்புக்கு அவர் எங்கேயோ போயிருக்க வேண்டியவர் என்று அக்கா அடிக்கடி சொல்வாள். அவர் எங்கேயும் போகவில்லை. கூடப் படித்தவர்கள் பெரிய பெரிய இடங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவருக்கு மேலே வந்த தலைவர்கள் ஒவ்வொருவரும் இந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, இது இன்னுமா ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு குடுவை சரியாக அமையும், உள்பூச்சு போய்விடும். பூச்சு சரியாக இருக்கும், துளி கறுத்துவிடும். எல்லாம் கூடி வருகிற அன்றைக்குச் சுவருக்கு அப்புறம் லிஃப்ட் புறப்படும். காலையில் போகும்போது எப்படிப் போவாரோ அப்படியே சாயங்காலம் வருவார், முகத்தில் ஒரு சுற்று களைப்பு மட்டும் கூடியிருக்கும். வந்ததும் கை காலைக் கழுவிக்கொண்டு, விளக்கைக்கூடப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். என்ன ஆச்சுங்க என்று அக்கா கேட்பாள். ஒண்ணும் ஆகலை என்பார். அது உண்மைதான். ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவருடைய கஷ்டம்.

முன்பக்க லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும், வேறு ஆள் இல்லாமல் லிஃப்ட்காரரையே திரும்பக் கூப்பிட்டார்கள். பழைய மேனேஜரும் போய்ச் சேர்ந்திருந்தார். திரும்பி வந்தபோது முன்பக்கத்தில் அனுபவிக்க ஒன்றும் மிச்சமில்லை. முழங்கால் வலி வந்துவிட்டது. மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குப் போகிற அந்தக் கடைசி இரும்பு ஏணி ஒன்றே போதும், ஒரு மனிதனை வாழ்க்கை வெறுக்க வைக்க.

அப்படியான ஒரு நாள் அக்கா லிஃப்ட்டில் ஏறினாள். அவள் போக வேண்டியது எந்த மாடிக்கும் இல்லை.

"எத்தனாவது மாடிக்கா?"

"எங்கயாச்சும் போ. உன்கிட்ட பேசணும்."

கதவு மூடியது. அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "மாமாவோட ரூமை இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டாங்கடா. பழைய மேசையெல்லாம் போட்டு வெக்கப்போறாங்களாம். அவருக்கு நெஞ்சும் சரியில்லை. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"தனியாக் கூப்பிட்டா என்னடா சொல்லுவாங்க?"

லிஃப்ட்காரர் பொத்தான்களைப் பார்த்தார். மேல் மாடி வந்து, கதவு திறந்து, யாரும் இல்லாமல் மூடியது.

"சனிக்கிழமை மத்தியானம் உன்னால ஆகவேண்டிய காரியம் ஒண்ணு இருக்குதாம். கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"ஏன், அவருக்கு வாய் இல்லையா?"

"உனக்கு இருக்குதே, அதைவெச்சு என்னத்தைக் கிழிச்சே இத்தனை வருஷமா?" என்றாள் அக்கா. "லிஃப்ட்டை நிறுத்தணும்னாரோ என்னமோ. எனக்கு நீங்க ரெண்டு பேரும் பேசறதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு அலுத்துப்போச்சு. போய் நீயே கேளு."

லிஃப்ட்டை நிறுத்த வேண்டுமாம். ரிப்பேர் தவிர வேறு எதற்கும் நிறுத்தக் கூடாது என்று புதிய மேனேஜர் தாளில் அடித்து ஒட்டியிருந்தார். இத்தனை வருஷம் கழித்து, என்னைப் பின்பக்கம் தள்ளிய மனிதர், எனக்கே வினை வைக்கிற மாதிரி ஓர் உதவி கேட்கிறார் பார் என்று லிஃப்ட்காரர் உள்ளுக்குள் கறுவிக்கொண்டார். கறுவிக்கொண்டேதான் தரைத்தளத்துக்கு இறங்கி, அந்த அறை வாசலில் போய் நின்றார்.

பம்பரம் திரும்பிப் பார்த்தார். இத்தனை காலத்துக்கு அப்புறம் மச்சானிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "பையை வெளிய வெச்சுட்டு வா, மாப்ளே."

ஸ்பேனரும் திருப்புளியும் இருந்த பையை ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டு லிஃப்ட்காரர் உள்ளே போனார். சன்னல்களில் கறுப்புத் துணி. நடுவில் மர மேசை. மேசை மேல் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட உலோக டப்பாக்கள், உருளையாக, படுக்க வைத்திருந்தன. வெளிக் காந்தம் உள்ளே வராமல் தடுக்கிற டப்பாக்கள் அவை. அதற்குள்தான் குடுவையும் அதைச் சூடேற்றுகிற சின்ன அடுப்பும். ஒரு துளை வழியாக மங்கிய சிவப்பு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. பம்பரம் மெலிந்து, சட்டைக்குள் இருக்கிறாரா இல்லையா என்று தேடிப் பார்க்கிற மாதிரி ஆகியிருந்தார். மாடிப்படி ஏறினவரைப் போல் மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேதான் இருந்தார்.

லிஃப்ட்காரருக்கு மனசு இளகப் பார்த்தது. இளக விடவில்லை.

"லிஃப்ட்டை நிறுத்தறது இருக்கட்டும். அன்னைக்கு ஏன் மேனேஜர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"எப்படிச் சொன்னேன்?"

"நமக்குள்ள மோதல்னு."

பம்பரம் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார். "நமக்குள்ள என்னடா மோதல்?"

"அதைத்தான நானும் கேக்கறேன்."

"நான் சொன்னது இதுக்குள்ள இருக்கற மோதலை," என்று பம்பரம் டப்பாவைத் தொட்டார். "அணுவும் அணுவும் மோதிக்கறதை. அதைத்தான வந்த நாள்லேருந்து அளந்துக்கிட்டிருக்கேன். லிஃப்ட் ஓடினா மோதல் சரியாத் தெரிய மாட்டேங்குது, லிஃப்ட் விஷயமா ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னேன். அவரு ஃபைல் பாத்துக்கிட்டே கேட்டாரு. சரி சரி, பாத்துக்கறேன்னாரு."

"பாத்துக்கிட்டாரு," என்றார் லிஃப்ட்காரர்.

பம்பரம் டப்பாவிலிருந்து கையை எடுத்தார்.

"நீயே பின்பக்கம் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டேன்னு சொன்னாங்க. லிஃப்ட்டும் நிக்கலை. நான் பண்ற தொல்லை உனக்குத் தாங்கலை போலன்னு நெனச்சேன். நீ பேசலை. சரி, நானும் பேசலை."

"நான் குடைக்காகன்னு நெனச்சேன்."

"எந்தக் குடை?"

"விடுங்க."

மேனேஜர் என்ற ஒரு மனிதர் அரைக் காதால் கேட்டதற்கு இரண்டு பேர் தண்டனை அனுபவித்திருந்தார்கள். ஒருவர் பின்பக்கம் போனார். மற்றவர் சுவருக்கு அப்பால் மோட்டார் உறுமுவது நிற்கும்வரை பென்சிலைக் கையில் பிடித்துக் காத்திருந்து, நின்றதும் அளந்து, மறுபடி உறுமினால் அளந்ததை அடித்துவிட்டு, இப்படியே வாழ்ந்துவிட்டார். சிரிக்கலாம் என்றால் சிரிக்கத் தெம்பு இருவருக்குமே இல்லை.

"அப்படி என்னதான் மாமா மோதிக்குதுங்க?"

பம்பரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கூட்டம் கம்மியா இருந்தா ஒவ்வொண்ணும் அதுபாட்டுக்கு ஒரே தாளத்துல தலையாட்டும். சூட்டை ஏத்தினா கூட்டம் சேரும், மோதிக்கும். மோதும்போது இவன் சுழற்சி அவனுக்குப் போயிரும், அவனோடது இவனுக்கு வந்துரும். மொத்தத்துல குறையாது, கைமாறும். ஆனா வலமா ஆடிட்டிருந்தவன் இடமா ஆட ஆரம்பிச்சுருவான். கொஞ்ச நேரத்துல ஆளுக்கொரு பக்கம். தாளம் போச்சு, கோடு மழுங்கிப்போச்சு."

"அப்ப கூட்டத்தைச் சேர்க்காம விட்டுர வேண்டியதுதான?"

"எல்லாரும் அதான் செய்வாங்க. ஆனா இன்னொண்ணு இருக்குது. காந்தத்தைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறைச்சுட்டு, கூட்டத்தை ரொம்ப ரொம்ப நெருக்கிட்டோம்னு வெச்சுக்கோ. அப்ப தலையைத் திருப்பறதுக்குள்ள அடுத்த மோதல், அதுக்குள்ள அடுத்தது. எவனுக்கும் தனியாத் திரும்ப நேரமே இருக்காது. மொத்தக் கூட்டமும் ஒண்ணா, மெதுவா ஆடும். எந்த மோதல் கெடுத்துச்சோ அந்த மோதலே கெடுக்காது."

லிஃப்ட்காரர் தாடையைச் சொறிந்தார். "காலையில ஆபீஸ் நேரத்து லிஃப்ட் மாதிரி. கை அரிச்சாக்கூடச் சொறிய முடியாது."

"ஏறக்குறைய அதான்," என்றார் பம்பரம். அவர் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. "வேற ஊர்கள்ல பெரிய பெரிய கூடத்துல செஞ்சு காட்டிட்டாங்க. நான் செய்யலை. இந்த ரூமுல, என் குடுவையில, அது இதுவரைக்கும் வரலை. போன வாரம் வந்திருக்குதுன்னு நெனைக்கறேன். கோடு ஊசி மாதிரி நிக்குது. ஆனா ஆசையில பாக்கற கண்ணை நம்பக் கூடாது. இந்த மாசத்துக்குள்ள தெரிஞ்சாகணும். எனக்கு."

"சரி. சனிக்கிழமை நிறுத்தித் தர்றேன். ரிப்பேர்னு பலகை வெச்சுக்கறேன்."

"நிறுத்த யார் சொன்னா? உங்க அக்கா எதையும் பாதிதான் கேப்பா. எனக்கு லிஃப்ட் ஓடணும்."

லிஃப்ட்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பம்பரம் சொல்லச் சொல்லப் புரிந்தது. லிஃப்ட் பெட்டி மேலே ஏறினால் அதற்கு ஈடாக இரும்புப் பாளங்கள் கீழே இறங்கும். மெக்கானிக்குகள் அதை வெயிட் என்பார்கள். அது வந்து நிற்பது இந்தச் சுவருக்கு நேர் பின்னால். எத்தனை டப்பா போட்டாலும் அந்த இரும்பின் வாடை கொஞ்சம் உள்ளே கசியும். பழைய குடுவைகளில் அது வெறும் கலங்கலாகத்தான் தெரிந்தது. கோடு உண்மையிலேயே ஊசியாகியிருந்தால், வெயிட் ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் திரையில் தனித்தனிப் படியாகத் தெரிய வேண்டும்.

"நீ போய் எந்த மாடியில வேணா நில்லு. எங்கன்னு சொல்லாதே. நான் சொல்றேன். சரியாச் சொன்னா வந்துருச்சு. தப்பாச் சொன்னா…" பம்பரம் கையை விரித்தார். "மேசை போட்டுக்கட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ்கள் மூடிய பிறகு கட்டடம் காலியாகிவிட்டது. லிஃப்ட்காரர் ரிப்பேர் பலகையை மாட்டினார். செல்போன் உள்ளே வரக் கூடாது என்பதால் அக்கா அவிழ்ந்த தலையோடு அறை வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் அவள் வழியாகத்தான் பேச்சு.

லிஃப்ட்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். போய் நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் பரீட்சை எழுதி எத்தனையோ காலமாகிறது. எழுதிய காலத்திலும் இப்படி அடித்துக்கொண்டதில்லை.

"ரெண்டாவது மாடியாடான்னு கேக்கறாரு," என்றாள் அக்கா போனில்.

ரெண்டாவதுதான். "ஆமான்னு சொல்லு."

அடுத்து மேலே போனார், கீழே வந்தார், ஏமாற்றுவதற்காக மறுபடி மேலே போய் நின்றார்.

"அஞ்சாவது. மோட்டார் சத்தத்தை வெச்சுச் சொல்றேன்னு நெனச்சுக்காதேங்கறாரு. காதுல பஞ்சு வெச்சிருக்காரு."

"காதுல பஞ்சா? அப்ப நான் சொன்னது எப்படிக் கேக்கும்?"

"நான் விரலைக் காட்டறேன்டா. நீ போ."

அப்போது லிஃப்ட்காரருக்கு ஒரு குறும்பு தோன்றியது. தப்பு கண்டுபிடிக்கவும் ஓர் ஆள் வேண்டுமே. பெட்டியின் கூரையில் ஏறி, ரிப்பேர் பார்க்கிற பொத்தானால் மெல்ல மெல்ல நகர்த்தி, மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் அந்தரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கம்பியின் மசகு நாற்றம். குழிக்குள் இருட்டு. காத்திருந்தார்.

வெகுநேரம் போனில் சத்தமே இல்லை. சொல்ல முடியவில்லை போல என்று நினைத்தபோது, ஏன் இப்படிச் செய்தோம் என்று லிஃப்ட்காரர் தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டு சரியாக வந்ததோடு விட்டிருக்கக் கூடாதா?

"டேய்," என்றாள் அக்கா. "மூணும் இல்லை, நாலும் இல்லையாம். நடுவுல தொங்கறியாம். என்னடா மோதல் பண்றியான்னு கேக்கறாரு."

லிஃப்ட்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெட்டிக் கூரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆமான்னு சொல்லுக்கா," என்றார்.

இறங்கி வந்து பலகையைக் கழற்றினார். அக்கா போனை அவர் கையில் திணித்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரக் குழாயடிப் பக்கம் போனாள். அறைக்குள் பம்பரம் காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி இருந்தார். கோட்டில் படிகள் இருந்தன. இரண்டு தெளிவான படிகள், அவற்றுக்கு நடு உயரத்தில் ஓர் அரைப்படி. சந்தோஷப்படுகிறாரா என்று பார்த்தால் தெரியவில்லை. நெடுந்தூரம் நடந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தார், அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே மூக்கிலும் வாயிலும் குழாய் இருந்தது. பேச்சு இல்லை. லிஃப்ட்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், மாமா ஒன்றும் கேட்கவில்லை, கேட்க முடியவும் இல்லை. ஆகவே மாமா அவரிடம் கடைசியாகக் கேட்டது அந்தச் சனிக்கிழமை கேட்டதுதான்.

அன்றைக்கு, படிகளைப் பார்த்த பிறகு, லிஃப்ட்காரர் வாசலில் குனிந்து, பையையும் போனையும் ஸ்டூல் பக்கத்தில் வைக்கப் போனார்.

"இருக்கட்டும் மாப்ளே, வெக்காதே," என்றார் பம்பரம். "எனக்கு எழுந்திருக்க முடியலை. பையோட உள்ள வந்து அந்த அடுப்பை அணைச்சுரு."

லிஃப்ட்காரர் ஸ்பேனர்கள் குலுங்க உள்ளே நடந்தார். திரையில் கோடு துள்ளி எங்கேயோ போனது. மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.